டெல்லி வரை ஆஜர்

அனுப்புநர்:
ஐ. சுடர்விழி,
த/பெ. ஐயாவு,
தெற்குத் தெரு,
செங்கழனிமங்கலம் கிராமம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: என் தகப்பனார் ஐயாவு மீது தாங்கள் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்துள்ள மேல்முறையீட்டைத் திரும்பப் பெறவும், அடுத்த மாத விசாரணைக்கு அவர் டெல்லி புறப்படாமல் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடையும் கணினி மையமும் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் நான் தட்டச்சு செய்தவையும் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், புலம்பலெல்லாம் வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்லுங்கள் என்று வருகிறவர்களை அதட்டுவேன். இன்று எனக்கென்று எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் போதவில்லை. பொறுத்துக்கொண்டு முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. தாங்கள் பொறுப்பேற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. எங்களைத் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் வழக்குத் தாளில் மனுதாரர் என்ற இடத்தில் 'மாவட்ட ஆட்சியர்' என்றும், எதிர்மனுதாரர் என்ற இடத்தில் 'ஐயாவு' என்றும் இருக்கிறது. ஆட்சியர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஐயாவு மட்டும் அப்படியே இருக்கிறார். நாற்காலியோடு சேர்ந்து இந்த வழக்கும் தங்களிடம் வந்திருக்கிறது. ஆகவே வழக்குப் போட்டவரிடமே வந்து முறையிடுகிறேன். வேறு யாரிடம் போவது?

2. நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்ட். அப்பா பண்ணையில் கூலி வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், நிலமில்லாத விவசாயத் தொழிலாளி என்று சர்க்கார் அவருக்குப் பட்டா கொடுத்தது. அன்றிலிருந்து அந்த வயலை அவர் ஒரு போகம்கூடச் சும்மா போட்டதில்லை. ஏழு வருடங்களுக்கு முன், நிபந்தனையை மீறி நிலத்தைச் சாமிதுரை என்பவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டதாக ஓர் அறிக்கை போனது. சாமிதுரை எங்கள் ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர். விசாரிக்க வந்தவர் பார்த்த அன்று அவருடைய டிராக்டர் எங்கள் வயலில் வாடகைக்கு உழுதுகொண்டிருந்தது. டிராக்டர் யாருடையதோ நிலமும் அவருடையது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் பாதி வயல் சாமிதுரைக்குத்தான் சொந்தம். இதைக் கேட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

3. கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது. அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பட்டாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, காலையிலேயே போய் அலுவலக வாசலில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவரும் உள்ளே போய்க் கேட்கவில்லை. கூப்பிட்டால்தான் உள்ளே போக வேண்டும் என்பது, பண்ணை வாசலில் கூலிக்கு நின்ற காலத்திலிருந்து அவர் உடம்பில் ஊறிப்போன பழக்கம். சாயங்காலம் கதவைப் பூட்ட வந்தவர்தான் அவரை எழுப்பி அனுப்பினார். பிறகு வந்த ஆணையில் 'பலமுறை அழைத்தும் ஆஜராகவில்லை. எனவே பட்டா ரத்து செய்யப்படுகிறது' என்று இருந்தது. அவருக்கு அதைப் படித்துக் காட்டியது நான்தான். "நான் அங்கதானேம்மா உக்காந்திருந்தேன்" என்றார். அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

4. நேரில் கேட்காமல் பட்டாவைப் பறித்தது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. தெருவே கூடிக் கேசரி கிண்டிக் கொண்டாடினோம். அந்த வருடச் சம்பா அறுப்பு முடிவதற்குள் தங்கள் அலுவலகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இப்போதைய நிலையே தொடரட்டும் என்று அங்கே ஓர் இடைக்கால உத்தரவு. அதைக் காட்டிக் கிராம நிர்வாக அலுவலர், பயிர் வைத்ததற்குச் சான்றான அடங்கல் தர மறுக்கிறார். அடங்கல் இல்லாவிட்டால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தொடுவதில்லை. வியாபாரி கேட்கிற விலைக்குப் போட்டுவிட்டு வருகிறோம்.

5. உச்ச நீதிமன்றம் வரை போக எவ்வளவு செலவாகும் என்று கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். வக்கீல் செலவு எங்களுக்கு இல்லை. இலவசச் சட்ட உதவியில் ஜெயபாரதி என்ற வழக்கறிஞரை அமர்த்தித் தந்தார்கள். தமிழ் தெரிந்தவர், போன் செய்தால் எடுப்பவர், நல்ல மனுஷி. செலவு வேறு வழியில் வருகிறது. ஒவ்வொரு விசாரணையிலும் தங்கள் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, அலுவலகத்திலிருந்து விவரம் வரவில்லை என்று சொல்லி வாய்தா வாங்குகிறார். ஒரு நிமிடம்கூட ஆவதில்லையாம். அந்த ஒரு நிமிடத்துக்காக என் அப்பா கும்பகோணத்தில் ரயிலேறி, சென்னையில் மாறி, முன்பதிவில்லாத பெட்டியில் டெல்லி போய்த் திரும்புகிறார். முதல் பயணத்துக்கு ஆடுகளை விற்றார். அடுத்ததற்குக் கறவைப் பசுவை விற்றார். அதற்குப் பிறகு விற்க ஒன்றும் இல்லாததால் கடன்.

6. வழக்கறிஞர் இருக்கும்போது இவர் எதற்குப் போகிறார் என்று தாங்கள் கேட்கலாம். ஜெயபாரதியும் அதையேதான் கேட்கிறார். அங்கே வழக்கு எண்ணைத்தான் சொல்வார்கள், கட்சிக்காரர் பெயரைக் கூப்பிட மாட்டார்கள் என்று தொண்டை வறள எடுத்துச் சொல்லிவிட்டோம். "பேரு கூப்பிடறப்ப ஆளு இல்லேன்னா நிலம் போயிடும். ஒரு தடவை போனது பத்தாதா?" என்கிறார் அப்பா. முதல் இரண்டு முறை அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். மூன்றாம் முறை ஜெயபாரதி சீட்டு வாங்கிக் கொடுத்து உள்ளே உட்கார வைத்தார். வழக்கு வந்தது, வாய்தா கேட்டார்கள், முடிந்தது. அந்த நேரத்தில் அப்பா பின்வரிசையில் எழுந்து நின்று, "ஆஜருங்கய்யா!" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். காவலர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஊருக்கு வந்தவர், "ஆஜர் குடுத்துட்டு வந்துட்டேன்" என்று தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். ஐயா, அதைக் கேட்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

7. நான்காம் முறை போய் வந்ததும் நெஞ்சுவலி வந்துவிட்டது. தஞ்சாவூரில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். நெடும்பயணம் கூடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுப் படியேறவே மூச்சு வாங்குகிறது. அடுத்த விசாரணை நவம்பர் 12. தேதியை மறைத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த வாத்தியார் ஒருவரைப் பிடித்துப் போனில் கோர்ட்டு வழக்குப் பட்டியலைப் பார்க்கச் சொல்லித் தெரிந்துகொண்டார். தெரிந்த நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பையில் துணி எடுத்து வைத்துவிட்டார். கடையில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. ரயில் சத்தம் எங்கள் ஊருக்குக் கேட்காது, ஆனாலும் வாசலை வாசலைப் பார்க்கிறேன். இந்த முறை போனால் அவர் உயிரோடு திரும்பி வரமாட்டார். இப்படியெல்லாம் மனுவில் எழுதக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான். எழுதிவிட்டேன், அழிக்க மனம் வரவில்லை.

8. எனவே, மேற்படி மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்று, அப்பாவின் பட்டாவை நிலைநிறுத்திக் கொடுக்க வேண்டுகிறேன். அது இயலாது என்றால், நவம்பர் 12 அன்று வாய்தா கேட்காமல் வழக்கை நடத்தும்படி தங்கள் வழக்கறிஞருக்கு எழுத வேண்டுகிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு முடிவு தெரியும்.

9. இதற்கெல்லாம் கோப்பு பல மேசைகள் ஏறி இறங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இன்றே முடியக்கூடிய ஒன்றையும் கேட்கிறேன். அப்பாவை அழைத்து வந்திருக்கிறேன். குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் இந்த மண்டபத்துக்கு வெளியே, குடிநீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தாங்கள் கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார். தங்கள் டபேதாரை விட்டு அவர் பெயரை ஒரு முறை கூப்பிடச் சொல்லுங்கள். வந்து ஆஜர் என்று சொல்வார். 'ஐயாவு ஆஜரானார்' என்று ஒரு வரி எழுதி, முத்திரை வைத்து அவர் கையில் கொடுங்கள். தாங்களே எழுதிக் கொடுத்தால் நம்புவார், டெல்லிக்குப் போகமாட்டார். டபேதார் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை.

இணைப்பு: பட்டா நகல், ரத்து ஆணை நகல், உயர் நீதிமன்றத் தீர்ப்பு நகல், மருத்துவச் சான்று.

நாள்: 14.10.2024
இடம்: ஆட்சியர் அலுவலக வளாகம்

தங்கள் அழைப்புக்காக வெளியே காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஐ. சுடர்விழி