பின்காலில் குறைத்த இரண்டு அங்குலம்

சார், நேற்று பசுவந்தனைக் கல்யாண வீட்டில் நம் நாற்காலி பின்னால் சரிந்து, மாப்பிள்ளையின் பெரியப்பா விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செய்தது என் பட்டறை என்று ஊருக்கே தெரியும். யோசிக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது: "நான் என்ன செய்ய? மெட்ராஸ் சார் போட்ட அளவுல்லா அது."

வாடகைக்கு நாற்காலி விடும் செல்லையா காதருகே வந்தார். "அண்ணாச்சி, அவிய போயி மூணு மாசமாச்சு. மணியாச்சி ஸ்டேஷன்ல இருக்க அவிய மச்சான் சொன்னாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

கையிலிருந்த காப்பி டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்னும் நினைவில்லை. நீங்கள் இறந்தது தெரியாமலே உங்கள் மேல் பழியைப் போட்டிருக்கிறேன்.

பஸ் இருக்கை, மேசை விசிறி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று பெரிய கம்பெனிகளுக்கு வரைந்தவர் நீங்கள். என் ஒரு கடிதத்துக்காகக் கோவில்பட்டித் தகரக் கொட்டகைக்கு வந்தீர்கள். நம் பக்கத்து ஆட்கள் ஒரு காலை மடக்கி மேலே வைத்துத்தான் உட்காருவார்கள். பழைய நாற்காலி கவிழ்ந்துகொண்டே இருந்தது. 'காலை மேலே வைக்காதீர்' என்று ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதிவிடலாம் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. இரண்டு கல்யாணங்களில் பந்திக்குக்கூடப் போகாமல், ஆட்கள் உட்காருவதையே பார்த்துக் குறித்தீர்கள்.

"யாரு வே இவரு, சாப்பிடாம எங்க காலையே பாக்காரு?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

கடைசியில் நீங்கள் சொன்னது: "அவங்க உட்காருறது தப்பில்லை அண்ணாச்சி. நம்ம நாற்காலிதான் தப்பு."

இருக்கை அகன்றது, பின்கால்கள் இரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் போயின. ஏழு வருஷம் ஒன்றும் கவிழவில்லை. இந்த வருஷம் இரும்புக் குழாய் விலை ஏறியதும் அந்த இரண்டு அங்குலத்தை நான் குறைத்தேன். கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள் என்றுதான் உங்களுக்கு எழுதவில்லை.

இன்று காலை பெரியவர் வீட்டுக்குப் போனேன். "செத்துப்போன மெட்ராஸ் சார் போட்ட அளவில்ல அது. நான் வெட்டுனது."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "செத்த மனுஷன் மேல சொல்லிட்டு எப்படி வே தூங்குனீரு?"

தூங்கவில்லை சார். இப்போதும் யார் உட்கார்ந்தாலும் என் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போகிறது. நீங்கள் பழக்கியது அது. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டேதான் இரண்டு அங்குலத்தை வெட்டினேன்.

அங்கிருந்து நேராகச் செல்லையாவிடம் போய்ப் பேசி முடித்தேன். இந்த வருஷம் கொடுத்த நூற்றிருபது நாற்காலிகளும் பட்டறைக்குத் திரும்பும். பின்கால் உங்கள் அளவில். இரும்பும் கூலியும் என்னுடையது. வேலை முடியும் வரை, அவருக்கு நின்றுபோகும் வாடகை, நாற்காலி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு, நான் தருவது.