கட்டப்படத்தில் பச்சையும் சிவப்பும்

மத்திகிரி
8 ஆகஸ்ட் 1993, ஞாயிறு

என் வீட்டுக்காரர் இந்த மாதத்துக் கட்டப்படத்தை முடித்துவிட்டார். ஆஞ்சப்பன் அண்ணன் நடத்தும் மாதப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் வருவது. கட்டம் போட்ட தாள், ஓரங்களில் வண்ண எண்கள். சிவப்பில் 3 என்றால் அந்த வரிசையில் அடுத்தடுத்து மூன்று கட்டம் சிவப்பு. எந்த மூன்று என்பதை மேலே இருக்கும் எண்களோடு ஒத்துப் பார்த்து, யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாக நிரப்பினால் ஒரு படம் வரும். அச்சுக்குப் போகும் முன் போட்டுப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை.

இன்று வந்தது தக்காளிச் செடி. இலையும் பச்சை, பழமும் பச்சை. காய் என்று நினைத்துப் போட்டாரா? கீழே விடையில் ‘பழுத்த தக்காளி’ என்றுதான் எழுதியிருக்கிறார்.

“நல்லா இருக்குதுங்க. இலையெல்லாம் அழகா வந்திருக்குது” என்றேன். சிரித்தார். காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது மாதம். இப்போதுதான் இருமல் நின்று சோறு இறங்குகிறது. இந்த நேரத்தில் போய்க் குறை சொல்வதா?

பழத்துக்கான எண்களை நானே சிவப்பில் மாற்றி எழுதிவிட்டேன்.

5 செப்டம்பர்

கிளி. உடம்பெல்லாம் சிவப்பு, மூக்கு பச்சை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வெளையாட்டுக்கா போட்டீங்க?” என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு, “ஆமா, சும்மா” என்று அவரும் சிரித்தார்.

இதையும் மாற்றினேன்.

14 செப்டம்பர், செவ்வாய்

கிளியோடு இன்னொரு சின்னக் கட்டப்படத்தையும் இவரே நேராக அச்சகத்தில் கொடுத்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. அது அப்படியே அச்சாகி வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது ஆஞ்சப்பன் அண்ணன் கூப்பிட்டார். “ஏனம்மா, பழுப்பு மேல பச்சையில எண்ணு எழுதியிருக்காரே உன் ஊட்டுக்காரரு! கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டு தேடினாலும் தெரியல. டீக்கடையில என்னைய வெச்சு ஓட்டறானுங்க. புதிரைக் கண்டுபிடிக்கறதா, புதிரு எங்க இருக்குதுன்னு கண்டுபிடிக்கறதான்னு.” அப்புறம் அவரே குரலைத் தணித்துக்கொண்டார். “நான் சொன்னா மனசு ஒடஞ்சிடுவாரு. நோவுல கெடந்து எழுந்தவரு. நீ பதமா சொல்லு.”

பதமாகத்தான் சொன்னேன். “எண்ணு ஒண்ணுகூடத் தப்பில்லைங்க. கணக்கெல்லாம் சரி. பின்னால இருக்கற கலருதான் கொஞ்சம் எடுப்பா இல்ல.”

“மை சரியில்ல. அச்சகத்துக்காரனுங்க தண்ணியா ஊத்தறானுங்க” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

15 செப்டம்பர்

இவர் சாப்பிட்டுவிட்டு நேராகப் படுத்துவிட்டார்.

20 செப்டம்பர், திங்கள்

இன்றே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். கம்பெனியில் இவர் வேலை செய்யும் ஒயர் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். திருநெல்வேலிக்காரர். ஒயர்கள் அந்தந்த நிறத்துக்குரிய துளையில் போயிருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் இவருடைய வேலை. இவர் கடைக்குப் போயிருந்தார்.

“ஏம்மா, ஜமீருக்கு ஒடம்புக்கு என்ன? பச்சை போற எடத்துல செவப்பு ஒயரு கெடக்கு, பாத்துட்டு சரின்னு அனுப்புதான். ஒண்ணு ரெண்டு வந்தப்பம் நானே மாத்திட்டேன். நல்ல மனுசன், எதுக்கு ரிப்போர்ட்டு எழுதணும்னு. இப்பம் தெனமும் மாத்திக்கிட்டேதாம் இருக்கேன்.”

நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? தக்காளியும் கிளியும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

இவர் வந்ததும் பெட்டியிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்து நீட்டினேன். “இதுல செவப்பு எதுங்க?”

“எதுக்கு அவரு முன்னால இப்பிடிப் பண்ற?”

“சொல்லுங்க.”

வெகுநேரம் பார்த்தார். ஒன்றைத் தொட்டார், கையை எடுத்தார், இன்னொன்றைத் தொட்டார். பிறகு பாயில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டும் ஒண்ணுதான் சுக்ரா. சேறு மாதிரி இருக்குது.”

“எப்பத்திலிருந்துங்க?”

“தெரியல. வெளக்கு மங்கல்னு நெனச்சேன். நீயும் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னியா... அப்ப எனக்குத்தான் என்னமோ தோணுதுன்னு விட்டுட்டேன்.”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

27 செப்டம்பர், திங்கள்

பெங்களூரில் கண் டாக்டரிடம் போய்வந்தோம்.

டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இவரோ முகத்தை முன்னே கொண்டுபோகிறார், பின்னே இழுக்கிறார், தலையைச் சாய்க்கிறார். ஊருக்கெல்லாம் புதிர் போடுகிற மனுஷன். பக்கம் புரளப் புரள “தெரியல சார், தெரியல சார்.” விடை என் நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்லக் கூடாது. சொன்னாலும் என்ன ஆகப்போகிறது? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

என்னென்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். பையிலிருந்து மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பட்டையை மட்டும் தள்ளி வைத்தார். “இதுதாம்மா. காசநோய்க்கு நல்ல மருந்துதான், ஆனா சிலருக்குக் கண் நரம்பப் பிடிச்சுக்கும். சிவப்பும் பச்சையும்தான் மொதல்ல போகும். இவத்தே நில்லிசி. இன்னிக்கே நிறுத்துங்க. வேற மாத்தித் தரச் சொல்லி எழுதறேன்.”

“பார்வை திரும்பிடுங்களா?”

“வரலாம். வராமலும் இருக்கலாம். எவ்வளவு சீக்கிரம் நிறுத்தறோமோ அவ்வளவு நல்லது. மொதல்ல எப்ப தெரிஞ்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், “இப்பதான் சார், போன வாரம்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டேன். தக்காளியை மாற்றியது, கிளியை மாற்றியது, எல்லாம். அத்திப்பள்ளி தாண்டும்வரை இவர் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“நோவுல இருந்தீங்க. மனசு நோகக் கூடாதுன்னு...”

“நல்லா இருக்குதுன்னு சொன்னியே. அத நம்பினேன்டி.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

18 அக்டோபர்

அந்த மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. மாற்றம் இல்லை. மற்ற மருந்துகளை இன்னும் கூடுதல் மாதங்கள் சாப்பிட வேண்டுமாம். தினமும் காலையில் வளையலைக் காட்டி, “இது என்ன கலருங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று கையைத் தள்ளிவிட்டார். “தெரிஞ்சா நானே சொல்றேன். நீ கேக்காத.”

மருந்தை நிறுத்தாவிட்டால் கண் போகும். நிறுத்தி, நோய் திரும்பினால்? யாரைப் போய்க் கேட்பது? துவா செய்வதைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை.

2 நவம்பர்

கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

29 நவம்பர், திங்கள்

இவரை பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி மேலே பேசிப் பேசிப் பார்த்தும் இவ்வளவுதான் முடிந்ததாம். “வெளிய அனுப்பாம வெச்சிருக்காங்களே, அது போதும்” என்றார் இவர். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

12 டிசம்பர், ஞாயிறு

ஆஞ்சப்பன் அண்ணன் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு, இவர் இன்று பழையபடி கட்டம் போட்டார். வெள்ளைத் தாளில் கறுப்பு மட்டும். என்னிடம் நீட்டிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

மதியம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். படம் கொக்கு. வலது மூலை இரண்டு விதமாகவும் நிறைகிறது. புதிர் என்றால் விடை ஒன்றுதான் இருக்க வேண்டும். இது தப்பு. ‘கொக்கு அழகாக வந்திருக்கிறது’ என்று தொடங்கத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“வலது மூலை தப்புங்க. ரெண்டு விடை வருது.”

திரும்பிப் பார்த்தார். தாளை வாங்கி, மூலையில் விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். ரப்பரைத் தேடினார்.

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல. கொக்கு நல்லா வந்திருக்குது.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

6 மார்ச் 1994, ஞாயிறு

எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். கண் அப்படியேதான் இருக்கிறது. இனிமேல் இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெருநாளுக்குத் துணி எடுக்க ஓசூர் போனோம். கடைப்பையன் சேலைகளை விரித்துப் போட்டான். இவர் ஒன்றைக் கையில் எடுத்து, “இது என்னா கலருப்பா?” என்றார், சத்தமாக.

“அரக்கு சார். பச்சைக் கரை.”

“எனக்குக் கரையே தெரியலயே. ஒரே துணியாத் தெரியுது.”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத்தான் முகம் சுட்டது. இவர் பாட்டுக்கு இன்னொன்றை எடுத்தார். கருநீலம், வெளிர் மஞ்சள் கரை. “இது தெரியுது. பளிச்சுனு இருக்குது” என்று என் தோளில் வைத்துப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

“உனக்குப் புடிச்சிருக்குதா? உள்ளதச் சொல்லு.”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

“அரக்குதாங்க புடிச்சிருக்குது.”

கருநீலத்தை மெல்ல மடித்து வைத்தார். “அதையே போட்டுக் குடுப்பா” என்றார் பையனிடம்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைப் பாயில் விரித்தேன். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரலைப் பிடித்து, கரை தொடங்குகிற இடத்தில் வைத்தேன்.

“இங்கிருந்து பச்சைங்க” என்றேன்.