ஓரத்தில் வைத்த புள்ளிகள்

மார்ட்டின்ஸ்ஃபோர்டு, இந்தியானா
ஏப்ரல் 12, சனிக்கிழமை

அன்புள்ள வெஸ்லிக்கு,

லேனி பக்னர் எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் உனக்கு முகம் நினைவுக்கு வருமோ என்னவோ. கூடைப்பந்துப் பயிற்சி நேரத்தில் மேசைக் கோடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேனே, எல்லாவற்றையும் குறித்துவைப்பதால் நீங்கள் எல்லாரும் எஃப்.பி.ஐ. என்று கூப்பிடுவீர்களே, அவள்தான். இப்படிக் கேட்காமல் கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஒரு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் உன்னை நீக்கிவிட்டார்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நலமா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்.

வியாழக்கிழமை துண்டுகள் எடுக்கச் சலவை அறைக்குப் போனேன். உங்கள் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் வெர்ன் ஒரு ஜெர்சியில் எழுத்துகளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். உன் பதினான்காம் எண். பெயர் மட்டும் உன்னுடையது இல்லை. என்னைப் பார்த்ததும் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். "பாக்காத மாதிரி போயிடு கண்ணு. வெஸ்லி இன்னும் கையெழுத்துப் போடலையாம். பேரு மட்டும் தயாரா இருக்கட்டும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "முப்பது வருஷமா இதான் வேலை. ஒட்டுறது சுலபம், உரிக்கிறதுதான் கஷ்டம்" என்றார். ஒஹையோவிலிருந்து வரும் புதுப் பையனுக்காம்.

வரும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு கோச் டிரம்மண்டின் அறையில் உன் முன் வைக்கப்போகும் காகிதம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். உடல்நிலை காரணமாக நீயாகவே விலகுகிறாய். படிப்புக்கான உதவித்தொகை தொடரும். ஆனால் இந்த அணிக்கு இனி ஒருநாளும் ஆட முடியாது; உன் இடம் அந்தப் புதுப் பையனுக்குப் போகும். உன் முழங்காலில் அறுவை செய்த டாக்டர் அடுத்த குளிர்காலத்தில் நீ ஆடலாம் என்று சொன்ன பிறகும் இந்தக் காகிதம். பத்தொன்பது வயதில் ஓய்வு. இதைப் படித்துவிட்டு வேறு எந்தக் கல்லூரி உன்னைக் கூப்பிடும்?

அதோடு ஒரு பக்க அட்டவணையும் இருக்கிறது. நவம்பரிலிருந்தே உன் இடது முழங்கால் கெட்டிருந்தது, நீ அதை மறைத்து ஆடினாய் என்று, நீ மறுத்தால் உன்மேலேயே பழி போடுவதற்கான அத்தாட்சி. போன வாரமே உனக்குக் காட்டியிருப்பார்கள். வெஸ்லி, அந்த அட்டவணையைத் தட்டச்சு செய்தவள் நான்.

எப்படி என்று சொல்கிறேன். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். தரையில் பாய்ந்து பந்தைப் பிடித்தால் இரண்டு மதிப்பெண், எதிராளி மோதலை நெஞ்சில் வாங்கி விழுந்தால் மூன்று, பந்தை விரலால் தட்டிவிட்டால் ஒன்று. அன்றைய பயிற்சி முடிந்ததும் கோச் பக்கத்தைப் பார்த்து அடியில் தன் சுருக்கொப்பத்தைப் போடுவார். யாருக்கு அதிகமோ அவன் மறுநாள் மஞ்சள் சட்டை போட்டுக்கொள்வான். பதினோரு வாரம் அதை நீ யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஏய் எஃப்.பி.ஐ., இன்னிக்கு எனக்கு எவ்ளோ? கொஞ்சம் பாத்துப் போடு, துவைக்கக்கூட நேரமில்லாம அதே சட்டையில நாறுறேன்" என்பாய். அந்தச் சட்டைக்காக நீ விழுந்த ஒவ்வொரு தடவையையும் நான்தான் எழுதினேன்.

நவம்பரில் ஒன்றைக் கவனித்தேன். நீ குதித்து இறங்கும்போது வலது காலில் மட்டும் இறங்கினாய். இடதை, சூடான தரையில் வைப்பதுபோல, கடைசியில் வைத்தாய். அதற்கு மதிப்பெண் கிடையாது, அதனால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு புள்ளிகள். நன்றி கூறும் விழாவுக்கு மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு கோச் அறைக்குப் போனேன். அந்தக் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை. புள்ளிகளைக் காட்டி இன்னது என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "நல்ல கண்ணும்மா உனக்கு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் ஒஹையோ ஆற்றில் சரக்குப் படகில் கயிறு கட்டுகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். "படிச்ச பொண்ணு சொன்னா கோச்சே கேக்குறாரு பாரு" என்று படகில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். உன் முழங்காலைப் பற்றிய செய்தி எங்கள் வீட்டில் கொண்டாட்டமானது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

டாக்டர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. டிசம்பர் ஆறாம் தேதி நீயே கோச்சிடம் போய், "முட்டி கொஞ்சம் இழுக்குது கோச்" என்றாய். நான் நாலடி தள்ளி இருந்தேன். "அப்போ மஞ்சள் சட்டையக் கழட்டி வேற ஆம்பளைக்குக் குடுத்துட்டு உக்காரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு ஓடிப்போய்ப் பந்துக்காகப் பாய்ந்தாய். நான் இரண்டு என்று எழுதினேன்.

உன் அம்மா மார்ஜி ஒருமுறை அணிக்கெல்லாம் பெர்சிமன் பழப் புட்டிங் செய்துகொண்டு வந்தாரே, அன்று என் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நீதானேம்மா எழுதுற பொண்ணு? எம்புள்ள கீழ விழுந்தாக்கூடவா மார்க் போடுற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படின்னா அவன் தொட்டில்லேருந்தே முதல் ரேங்க்தான்" என்று சிரித்து, என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். ஜனவரியில் உன் முட்டி போன அன்றும் அவர் அதே இருக்கையில்தான் இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் முன்பு கோச் என்னைக் கூப்பிட்டனுப்பி, அந்தப் புள்ளிகளைத் தேதிவாரியாக அழகாக அடித்துத் தரச் சொன்னார். "வெஸ்லிக்கு உதவத்தாம்மா" என்றார். டாக்டருக்குப் போகிறது என்று நம்பி, கோடெல்லாம் போட்டு, ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அது எதற்கு என்று தெரிந்தது, போன வாரம் நீ அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது. நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனாய். உள்ளே நீ "நான் மறைக்கல கோச், உங்ககிட்டதானே சொன்னேன்" என்றதும், அவர் "எனக்கு அப்படி ஞாபகம் இல்லியேப்பா" என்றதும் கதவு வழியாகக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

நான் அடித்த அட்டவணையில் ஒன்று இல்லை. நோட்டில் புள்ளி வைத்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய சுருக்கொப்பம் இருக்கிறது. நான் காட்டிய தேதியையும் அன்றே குறித்திருக்கிறேன். டிசம்பர் ஆறாம் தேதி நீ சொன்னதும் அவர் சொன்னதும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கின்றன. நேற்று அவர் நோட்டைக் கேட்டார். அது அப்பா வீட்டில் இருக்கிறது என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய். மேற்படிப்புக்கு இந்த வேலைதான் எனக்கு ஆதாரம், அது போய்விடும் என்று தெரியும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "கோச் இப்பவும் உன்னக் கேக்குறாரா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் விசாரிக்கிறார்.

பத்தொன்பது பக்கங்களின் நகலை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் காட்டு. உனக்கென்று ஒரு வக்கீலைப் பார். என்னை மன்னிக்க வேண்டாம், அதற்காக எழுதவில்லை. கால் சீக்கிரம் தேறட்டும். இரண்டு கால்களிலும் நீ இறங்குவதை எங்கிருந்தாவது நான் பார்க்க வேண்டும்.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே. இதையெல்லாம் யார் பார்த்தது என்று அங்கே கேட்பார்கள். அந்தக் கதவை நானாகத் தட்ட எனக்குத் தைரியம் வராது, என்னைப் பற்றி எனக்குத் தெரியும். நீ உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. எஃப்.பி.ஐ. என்று இல்லை, லேனி பக்னர் என்று. ஒன்பதரை மணியிலிருந்து வெளியே அதே நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் எழுந்து வருவேன்.

இப்படிக்கு,
லேனி பக்னர்