மந்திரி நீராட்டுப் படலம்

மார்ச் 9, திங்கள்

கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த நாத்தம் போகணும் சார். இல்லன்னா நாய் போகணும்."

எங்கள் நாய்க்குப் பெயர் மந்திரி. பதவிக்கேற்ற பருமன் உண்டு, வேலை கிடையாது. வீட்டுக்காரரின் செருப்பை மோந்து பார்த்துவிட்டு மந்திரி கொட்டாவி விட்டார்.

மார்ச் 10

நல்ல மதியம், மொட்டைமாடி, ரப்பர் குழாய், என் ஷாம்பு. திட்டத்தில் குறையே இல்லை. தண்ணீரைத் திறந்தேன். மந்திரி அலறிக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கடியில் பதவியேற்றார்.

மனைவி குழாயைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "காலைலேர்ந்து வெயில்ல கிடக்குதுங்க இது. முதல்ல வர்ற தண்ணில டீயே போடலாம். கைல பிடிச்சுப் பாத்தீங்களா?"

இல்லை.

"தரை சுடுதே, தெரியலையா?"

செருப்புப் போட்டிருந்தேன்.

"அவன் போட்டிருந்தானா?"

நல்லவேளை, காயமில்லை. ஆனால் மந்திரி என்னைப் பார்த்த பார்வை — சே, என்ன மனுசன்டா நான்?

மார்ச் 11

பேச்சுவார்த்தை தோல்வி. பிஸ்கட் மட்டும் ஏற்கப்பட்டது.

மார்ச் 12

நாய் டாக்டருக்கு போன். "காலைலயே, நிழல்ல வச்சுக் குளிப்பாட்டுங்க. தண்ணி சுடக்கூடாது, காதுக்குள்ள போகக்கூடாது. உங்க ஷாம்பு வேணாம், நாய் ஷாம்பு. நல்லாத் துவட்டுங்க, வெயில்தானேன்னு ஈரத்தோட விட்டா புண்ணு வரும்."

"கட்டிலுக்கடியிலேர்ந்து எப்படி டாக்டர் வரவைக்கிறது?"

"அது உங்க பாடு."

மார்ச் 14

வாளி அசைந்தாலே கட்டில்தான். நாளை ஞாயிறு. "அவன் போனா நானும் போறேன்" என்கிறாள் மனைவி. சிரிக்காமல் சொன்னாள்.

மார்ச் 15, ஞாயிறு

வெயிலுக்கு முன்பே மாடி நிழலில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பினோம். தண்ணீர் சுடவில்லை என்று மந்திரிக்கு யார் நிரூபிப்பது? நானே உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். கதவோரம் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு ஒரு கால். பிறகு, தொப்பென்று, முழு மந்திரிசபையும் என் மடியில்! மனைவி சிரிப்பை அடக்கமுடியாமல் கழுத்துக்குக் கீழே மட்டும் குவளை குவளையாக ஊற்றினாள், இருவருக்கும்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர். குனிந்து மந்திரியை மோந்தார். என்னையும் மோந்தார். "நாய் பரவால்ல. நீங்க இன்னொரு தடவை குளிச்சிருங்க."

மந்திரி வெளியே குதித்து உடம்பை உதறினார். வீட்டுக்காரரும் குளித்தார். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தன் கைக்குட்டையால் மந்திரியின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காதுல ஈரம் நிக்கக்கூடாது சார். இதுகூடத் தெரியாதா?"

மார்ச் 22, ஞாயிறு

விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டிருந்தார். தண்ணீரில் முழங்கையை நனைத்துப் பார்த்துத் தலையாட்டினார். "தலைய நான் பிடிச்சுக்கிறேன். உங்களுக்குப் பக்குவம் போதாது."

நான் வால் இலாகாவுக்கு மாற்றப்பட்டேன். முகத்திலேயே அடி மேல் அடி. மந்திரி நிற்காமல் ஆட்டுகிறார்.