மருந்தடித்த தோட்டத்துக்கு மகள் வரக்கூடாது

வைகாசி 6, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. காளவாசலில் இறங்கி ஆஸ்பத்திரி. ரிப்போர்ட் வந்துவிட்டது. இடது மார்பில் இருப்பது புற்றுநோய்தான். டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

என்ன வேலை என்று கேட்டார். மல்லிகைத் தோட்டம், தினமும் பூ எடுப்பேன் என்றேன். மருந்து அடிப்பீர்களா என்றார். அடிக்காமல் பூ ஏது? சில பூச்சிமருந்து உடம்புக்குள் போய் ஹார்மோன் போலவே வேலை செய்யுமாம். மார்பில் கட்டி வர அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம்.

"ஒங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா மாசமா இருக்கிறவங்க அந்தப் பக்கமே போகக்கூடாது."

மகள் மீனாவுக்கு ஏழாம் மாசம். அடுத்த வாரம் வளைகாப்பு. அப்புறம் தலைப்பிரசவத்துக்கு இங்கேதான். வீட்டைச் சுற்றிப் பூச்செடி. பஸ்ஸில் முழுக்க இதே நினைப்பு. என் நோய் மறந்தே போனது.

7, புதன்

பால்காரர் வரவில்லை. வாங்க வேண்டியது: கண்ணாடி வளையல், நல்லெண்ணெய், சீயக்காய். அவள் இங்கே வரவே கூடாதென்றால் எதற்கு வாங்க?

இனிமேல் மருந்து வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். "முகூர்த்த மாசம். இப்ப விட்டா மொட்டுப்புழு அம்புட்டையும் தின்னுரும். ஒன் வைத்தியத்துக்கு நான் எங்க போவேன்?" கத்திவிட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் அழுதார். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

8, வியாழன்

மேலூருக்குப் போன். வீட்டில் மராமத்து, பிரசவம் அங்கேயே இருக்கட்டும் என்று மீனாவின் மாமியாரிடம் பொய் சொன்னேன். "தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு இல்லேன்னா ஊரு என்ன பேசும் மதினி? புள்ள இதக் கேட்டா சோறு திங்குமா?"

மாசமாக இருப்பவளிடம் எனக்குப் புற்றுநோய் என்று எந்த வாயால் சொல்ல?

சாயங்காலம் இவர் மருந்தடிக்கிற டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டார். தோட்டம் முழுக்க மருந்து நாற்றம். சாமி படத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

9, வெள்ளி

புழுக்கம். உடம்பு முடியவில்லை, பூ எடுக்கப் போகவில்லை. வாசலில் குரல். மீனா. முதல் பஸ்ஸில் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். தோட்டத்து வழியே வந்தவள் சும்மா வரவில்லை. முந்தானையை மடி கட்டி, மடி நிறைய மொட்டு. வயிற்றுப் பிள்ளைமேல் ஈரமாக.

"மராமத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏம்மா பொய் சொன்ன?"

மடியை இழுத்து உதறினேன். பூவெல்லாம் தரையில். குளி, உடனே குளி என்று கத்தினேன்.

"நான் வந்தது அம்புட்டு வெறுப்பா இருக்கா ஒனக்கு?" அழுதுகொண்டே வாசலுக்குத் திரும்பினாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து என் மார்பில், கட்டி இருக்கிற இடத்தில் வைத்து அழுத்தினேன்.