அப்பா ஓட்ட, நான் பார்க்க

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

உன் மூத்தவள் வக்கீலாகிவிட்டாள், சின்னவன் நீச்சலில் கோப்பை வாங்கினான் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள் என்றால் கர்வம் இருக்காதா?

அப்பா இன்னும் கார் ஓட்டுகிறாரா என்று கேட்டிருந்தாய். எண்பத்தாறு வயதிலும் கை நடுங்குவதில்லை, கண்தான் மங்கல். அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "சிவப்பு விழுந்துடுச்சு, நிறுத்துங்க" என்பேன்.

"ஓட்டுறது நானா, நீயா?" என்பார். ஆனாலும் நிறுத்திவிடுவார்.

கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போகும்போது நான் சாலையையா பார்த்தேன்? பாடிக்கொண்டே ஓட்டுகிற அவரைத்தான் பார்ப்பேன். போன வாரம் அதே பாட்டை முணுமுணுத்தார். நானும் பழையபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ஒரு பெண் அலறினாள். அவளுடைய குழந்தையின் தள்ளுவண்டிக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினார். பிறகு, "நீ பாக்கலேன்னா என்னால ஓட்ட முடியாதுன்னா, நான் ஓட்டவே கூடாதுதானேடி?" என்றார்.

நான் கையை நீட்டினேன். சாவியை வாங்கிக்கொண்டேன்.

நேற்று காரை விற்றாயிற்று. முன்கண்ணாடியில் செருகியிருந்த உன் பிள்ளைகளின் படமும் அதோடு போய்விட்டது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. அப்பாவுக்குத் தெரியும்படி பெரிதாக இருக்கட்டும்.

உன் அம்மா