அக்காவின் இரட்டைச் சொற்கள்

மார்ச் 3

பேச்சுப் பயிற்சி தரும் பெண் இன்றும் வந்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். கோப்பை, சாவி, குடை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு சொல் இல்லை.

அவள் மகன் என்னை வாசலில் நிறுத்தினான். “சித்தி, அம்மா முயற்சியே பண்ண மாட்டேங்கிறாங்க. இந்த மாசத்தோட பயிற்சியை நிறுத்திடலாமா?”

நிறுத்தினால் அப்புறம் அவள் பேசப் போவதே இல்லை. இறைவா, ஒரு வீட்டையே ஆட்டிவைத்த வாய் அது.

மார்ச் 5

காய் நறுக்கும்போது பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே அடுப்படியில் நின்றவர்கள் நாங்கள். ஓரகத்தி என்று அவளை யாரிடமும் சொன்னதில்லை, அக்காதான். அந்த நாளில் பழைய பேப்பர் கடையில் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஒன்றுபோல் தோன்றிக் குழப்பும் சொற்கள் என்று அதில் ஒரு பகுதி. இரண்டு பேருமே படிப்பைப் பாதியில் விட்டவர்கள், யார் சொல்லித் தருவது? வீட்டு மனிதர்களே பாடம் ஆனார்கள்.

‘ஹியர்’ என்றால் என் கணவர். காதில் விழும், அவ்வளவுதான். ‘லிசன்’ என்றால் மாமியார். கதவைச் சாத்தினாலும் கேட்பார். ‘லுக்’ — மாமனார் மூக்குக்கண்ணாடிக்காக மேஜை மேஜையாகப் பார்ப்பது. ‘சீ’ — அது அவர் நெற்றியிலேயே இருப்பது எங்கள் கண்ணில் படுவது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

தினம் ஒரு ஜோடி. தப்பாகச் சொன்னவள் கரிப்பாத்திரம் தேய்க்க வேண்டும். ‘லெண்ட்’, ‘பாரோ’வில் நான் தேறவே இல்லை. இரவல் கொடுப்பது எது, வாங்குவது எது? “தினமும் கணக்கு எழுதுறவளுக்குக் கொடுக்கல் வாங்கல் தெரியலையாடி!” என்பாள் அக்கா.

அந்தச் சிரிப்பு.

மார்ச் 6

கணக்கு எழுத மனமில்லை. பிரார்த்தனை மட்டும்.

மார்ச் 10

ரத்த அழுத்தம் பார்க்கப் புது நர்ஸ் வந்தாள். தமிழ் தெரியாதாம். மருந்து வேளையைக் குறிக்க எனக்குப் பேனா வேண்டியிருந்தது. தெரிந்த ஆங்கிலத்தில், “ப்ளீஸ், பாரோ மீ யுவர் பென்” என்றேன்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். “லெ...”

திரும்பினேன். முகம் சிவந்து, உதடு ஒரு பக்கம் கோணி — “லெண்ட்!”

தாயே! நர்ஸ் நீட்டிய பேனாவை வாங்கக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே அழுதேன். இத்தனை வருஷத்திலும் தேறாத என் மரமண்டைக்குக் கோடி நமஸ்காரம்.

மார்ச் 11

காலையிலிருந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசிப் பார்த்தேன். அக்கா முறைத்தாள். ஒன்றும் வரவில்லை. என் தப்பெல்லாம் குழந்தைக்குக் காட்டும் கிலுகிலுப்பை என்று கண்டுபிடித்துவிட்டாள். என்னையா ஏமாற்றப் பார்க்கிறாய் என்கிற அதே பார்வை!

சரி, நிஜமாகவே தெரியாததைத்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரியாததற்கா பஞ்சம்?

மார்ச் 19

‘பிரிங்’, ‘டேக்’ என்ன வித்தியாசம் என்று கேட்டேன். டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, “இங்க.” தள்ளிவிட்டு, “அங்க.” இரண்டும் தமிழ்ச் சொல்! மகன் பயிற்சியை நிறுத்தப் போவதில்லை என்றான். என்னைத்தான் “டீச்சர் சித்தி” என்று கிண்டல் செய்கிறான். டீச்சர் கட்டிலில் இருக்கிறாள், நான் மக்கு மாணவி.

ஏப்ரல் 22

‘அலோன்’, ‘லோன்லி’ — ரெண்டுமே தனியா இருக்கிறதுதானே அக்கா, எதுக்கு ரெண்டு வார்த்தை? நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டேன். “இரு” என்று கை காட்டினாள். நான் துணியெல்லாம் மடித்து முடித்தும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அலோன்னா... வீட்ல யாரும் இல்ல.”

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“லோன்லின்னா... நீங்க எல்லாரும் இருந்தீங்க. கட்டிலைச் சுத்தி.”

மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.